காணாத பக்கமும் கூறிய தீர்ப்பும்

கண்டி நகருக்கு வடகிழக்கே உயர்ந்து நிற்கும் மலைத்தொடருக்கு ஆங்கிலேய நிலவளவையாளர் 'நக்கிள்ஸ்' என்று பெயரிட்டனர். மடக்கிய கையின் விரல்முட்டிகளைப் போல அதன் சிகரங்கள் அவர்கள் நின்ற இடத்திலிருந்து தோன்றின. சிங்கள மக்கள் அதனைத் தும்பறை மலைத்தொடர் என்பர். அப்பெயர் மூடுபனியைக் குறிப்பது என்று விளக்கம் கூறுவர். ஹந்தானைச் சரிவில் நின்று நோக்குவோருக்கு அம்மலை ஒரு வடிவினது. மாத்தளைப் பக்கமிருந்து நோக்குவோருக்கு வேறு வடிவினது. மலைகளுக்கு நடுவே மீமுரைக் கிராமத்தில் வாழ்வோருக்கு இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வடிவினது. மலையோ ஒன்றே. விரல்முட்டி என்று பெயரிட்டவர்கள் பொய் கூறவில்லை. தாம் கண்டதையே கூறினர். ஆயினும் அப்பெயர் மலையைப் பற்றிக் கூறும் அளவுக்கு, அதனைச் சூட்டியவர்கள் நின்ற இடத்தைப் பற்றியும் கூறுகிறது.

ஒரு பொருளை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கண்டவர் அப்பொருளைப் பற்றி எவ்வளவு தூரம் தீர்ப்புக் கூறலாம்? இவ்வினா முதற்கண் அறிவைப் பற்றியது. எனினும் அது அறிவோடு நின்றுவிடுவதில்லை. தீர்ப்புக்கு உள்ளாகும் பொருள் மலையாக இல்லாது மனிதனாகவோ ஒரு மக்கட் கூட்டமாகவோ இருக்குமிடத்து, அதே வினா அறத்தைப் பற்றியதாகிவிடுகிறது. மலையைச் சுற்றி வந்து பிழையைத் திருத்திக்கொள்ளலாம். சுற்றி வர இயலாத பொருளாயின் என்ன செய்வது? அத்தகைய பொருள்களை ஆராய்வோரின் அனுபவம் இங்கு நோக்கற்பாலது.

நெப்டியூனுக்கு அப்பால், சூரியத் தொகுதியின் குளிர்ந்த எல்லைப்புறத்தில், பனிக்கட்டியும் பாறையும் கலந்த சிறு உலகங்கள் பல உள்ளன. புளூட்டோ அவற்றுள் முதலில் அறியப்பட்டது. 1930 இல் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்ததைக் காண்பதற்கு, புளூட்டோவின் துணையான கேரனை விடுத்தால், 1992 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்று ஆயிரக்கணக்கானவை அறியப்பட்டுள்ளன. எனினும் மிகப் பெரிய தொலைகாட்டியிலும் அவற்றுட் பெரும்பாலானவை ஒளிப்புள்ளிகளாகவே தோன்றுகின்றன. புள்ளிக்கு வடிவம் இல்லை, பக்கம் இல்லை, முகம் இல்லை. அப்புள்ளி ஒரு வேளை சற்றுப் பிரகாசமாகவும் மற்றொரு வேளை சற்று மங்கலாகவும் தோன்றுவது ஒன்றே அதனைப் பற்றி அளந்தறியக்கூடிய செய்தி. அச்செய்தியிலிருந்தே அவ்வுலகம் எவ்வளவு நேரத்திற்கு ஒருமுறை சுழல்கிறது, உருண்டையானதா, நீண்டதா என்பவற்றை ஆய்வாளர் உய்த்துணர்கின்றனர்.

அவ்வுய்த்துணர்வின் முறை எளியது. நடுவில் நூல் கட்டிக் கிடையாகத் தொங்கவிட்ட வெள்ளரிக்காய் ஒன்று விளக்கொளியிற் சுழல்வதாகக் கொள்ளலாம். ஒரு சுற்றில் இருமுறை அதன் நீண்ட பக்கம் தோன்றும். இருமுறை அதன் முனை தோன்றும். ஆகவே ஒளி இருமுறை கூடி இருமுறை குறையும். ஆனால் எதிரெதிரான இரு பக்கங்களிற் கரி பூசப்பட்ட உருண்டைத் தேங்காயும் சுழலும்போது இதே மாற்றத்தைக் காட்டும். தூரத்தில் நின்று ஒளியை மட்டும் அளப்பவருக்கு வெள்ளரிக்காயும் தேங்காயும் ஒன்றே. இன்னொன்றும் உண்டு. அதே வெள்ளரிக்காயை நூலுக்கு நேர் மேலே இருந்து நோக்கினால், அது எவ்வளவு சுழன்றாலும் ஒளியில் மாற்றம் தோன்றாது. சுழலும் நீண்ட பொருள், சுழலாத பொருளைப் போலவோ உருண்டைப் பொருளைப் போலவோ காட்சி தரும்.

இவ்விடர் கற்பனையன்று. புளூட்டோவின் ஒளி ஏறத்தாழ 6.4 நாள்களுக்கு ஒருமுறை கூடிக் குறைவதை 1955 இல் வோக்கரும் ஹாடியும் வெளியிட்டனர். அதற்குக் காரணம் அதன் வடிவம் அன்று. அதன் மேற்பரப்பிலுள்ள வெளிறிய பனிப்பரப்புகளும் கரிய நிலப்பகுதிகளுமே. ஹௌமியா என்னும் மற்றொரு பனியுலகின் ஒளியும் கூடிக் குறைகிறது; அங்கோ காரணம் முதன்மையாக வடிவமே. ஒளிமாற்றத்தை மட்டும் கொண்டு ஓர் உடலின் வடிவத்தை ஒரே விடையாகத் துணிய இயலாது என்பதை ஹென்றி நோரிஸ் ரசல் 1906 இலேயே கணித முறையாற் காட்டியிருந்தார். சான்று ஒன்றாயிருக்க, அதற்குப் பொருந்தும் உலகங்கள் பலவாயிருக்கலாம் என்பதே அதன் கருத்து.

சான்று போதாதவிடத்து அறிஞர் கோட்பாட்டின் துணையை நாடுவர். ஹௌமியா ஏறத்தாழ 3.9 மணித்தியாலத்திற்கு ஒருமுறை சுழல்வது. வேகமாகச் சுழலும் ஒரு பாய்பொருள் எவ்வடிவங்களை ஏற்று நிலைபெறும் என்ற வினா பழைமையானது. மூன்று அச்சுகளும் வேறுவேறு நீளமுடைய வடிவமும் நிலைபெறக்கூடும் என்று யாக்கோபி 1834 இற் காட்டினார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று உலகப் புகழெய்திய சுப்பிரமணியன் சந்திரசேகர் 1969 இல் வெளியிட்ட நூலில் இவ்வடிவங்களின் கணிதத்தை விரிவாக ஆராய்ந்தார். ஹௌமியாவையும் இத்தகைய பாய்பொருள் வடிவமெனக் கொண்டு கணித்தபோது, அதன் அடர்த்தி நீரினதைப் போல 2.6 மடங்குக்குக் குறையாதது என்ற விடை கிடைத்தது. 2017 ஜனவரி 21 இல் ஹௌமியா ஒரு விண்மீனை மறைத்தபோது, ஐரோப்பாவின் பல நோக்ககங்கள் அதன் நிழலை அளந்தன. எதிர்பார்த்ததைவிட அது நீளமானது என்பதும், அடர்த்தி ஏறத்தாழ 1.9 மடங்கே என்பதும் அப்போது தெரியவந்தன. அதனைச் சுற்றி ஒரு வளையமும் இருந்தது. கணிதம் பிழைபடவில்லை. கணிதத்தின் வாயிலில் வைக்கப்பட்ட எடுகோளே பொருந்தாது போயிற்று. அழகிய கோட்பாடும் ஒரு நிற்குமிடமே. அங்கிருந்தும் ஒரு பக்கமே தெரியும்.

தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் நோக்ககத்தின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். 1977 மார்ச் 10 ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்நிகழ்ச்சியை அளந்தனர். விண்மீனின் ஒளி கோளால் மறைக்கப்படவேண்டிய வேளைக்குப் புறம்பாகவும் சில வினாடிகள் குறைந்தது. கோளுக்கு அருகே அறியப்படாத பொருளொன்று குறுக்கிட்டிருத்தல் வேண்டும். யுரேனசுக்குப் புதியதொரு துணைக்கோள் உண்டு என்று அவர்கள் அவ்வாண்டே அறிவித்தனர். அதே இரவில் இந்து சமுத்திரத்தின் மேலாகப் பறந்த விமானமொன்றிலிருந்து ஜேம்ஸ் எலியட்டும் அவர்தம் துணைவரும் அளந்தபோது, கோளின் இரு மருங்கிலும் ஒளி ஒத்த தூரங்களிற் பலமுறை குறைந்ததைக் கண்டனர். துணைக்கோள் இரு மருங்கிலும் ஒருங்கே நிற்க இயலாது. வளையங்களே அவ்வாறு தோன்றும். இவ்விளக்கம் வந்தபின்னர்க் காவலூர்ப் பதிவும் வளையத்திற்குச் சான்றாயிற்று.

இங்கு யார் சரி, யார் பிழை என்று கேட்பது பயனற்றது. காவலூரின் அளவீடு உண்மையானது. அதற்கு அளிக்கப்பட்ட விளக்கமும் அவ்வொரு சான்றுக்கு இயல்பானதே. மற்றவர் அளவீடு அருகே வந்து சேர்ந்தபோதுதான் அதன் முழுப்பொருள் வெளிப்பட்டது. தனியொருவர் சான்று மற்றொருவர் சான்றால் அழிக்கப்படவில்லை. தன் உரிய இடத்தைப் பெற்றது.

மிக அண்மைக்கால உதாரணம் அரொகொத் என்னும் சிற்றுலகாகும். சூரியனிலிருந்து ஏறத்தாழ 650 கோடி கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் இதனை 2014 இல் ஹபிள் தொலைகாட்டி கண்டுபிடித்தது. 'நியூ ஹொரைசன்ஸ்' விண்கலம் அதனை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அதன் ஒளியிற் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. மாற்றமின்மையைக் கண்டு அது உருண்டை என்று துணிந்திருந்தால் பெரும் பிழையாயிருக்கும். 2017 ஜூலை 17 இல் ஆர்ஜன்ரீனாவில் 24 சிறு தொலைகாட்டிகள் வரிசையாக நிறுத்தப்பட்டன. அரொகொத் ஒரு விண்மீனை மறைத்த அக்கணத்தில் ஐந்து தொலைகாட்டிகள் அதன் நிழலுக்குள் அகப்பட்டன. ஐந்து கோடுகளையும் பொருத்திப் பார்த்தபோது, ஒன்றோடொன்று ஒட்டிய இரு பகுதிகள் கொண்ட உருவம் வெளிப்பட்டது. உருண்டையன்று என்பது உறுதியாயிற்று.

2019 ஜனவரி 1 இல் விண்கலம் ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் தொலைவில் அதனைக் கடந்து சென்றது. முதலில் வந்த படங்களில் இரு பந்துகள் ஒட்டியதைப் போன்ற காட்சி தோன்றியது. பனிமனிதன் என்று உலகமெங்கும் எழுதினர். அடுத்த மாதம், விண்கலம் கடந்து சென்றபின் திரும்பி நோக்கி எடுத்த படங்கள் வெளியாயின. அவற்றிற் பந்துகளைக் காணோம். பெரிய பகுதி அப்பத்தைப் போலத் தட்டையாக இருந்தது. ஏறத்தாழ 36 கிலோமீற்றர் நீளமுடைய அவ்வுடலின் தடிப்பு 10 கிலோமீற்றர் அளவினதே. அது 15.92 மணித்தியாலத்திற்கு ஒருமுறை சுழல்கிறது. ஆனால் அதன் அச்சு, விண்கலம் வந்த திசையை ஏறத்தாழ நோக்கியிருந்தது. நூலுக்கு நேர் மேலே இருந்து வெள்ளரிக்காயை நோக்கிய நிலையே அது. மாற்றம் தோன்றாமைக்குக் காரணம் பொருளில் இல்லை. நோக்கியவர் திசையில் இருந்தது.

இந்நிகழ்ச்சிகளைக் கேட்போருக்கு யானையைத் தடவிய குருடர் கதை நினைவுக்கு வரலாம். ஆயினும் அக்கதைக்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அக்கதையிற் குருடர்களைப் பார்த்து நகைப்பதற்குக் கண்ணுடையவன் ஒருவன் அருகில் நிற்கிறான். அவன் யானையை முழுமையாகக் கண்டவன். கதையைக் கேட்பவரும் தம்மை அறியாமலே அவன் பக்கத்திற் போய் நின்றுகொள்கிறார். குருடர் என்போர் எப்போதும் பிறரே. பனியுலகங்களை ஆராயுமிடத்து அத்தகைய கண்ணுடையவன் எவனும் இல்லை. தடவுவோர் மாத்திரமே உளர். தாமும் தடவுவோருள் ஒருவரே என்று உணர்வதிலேதான் இக்கதையின் உண்மையான பாடம் தொடங்குகிறது.

இவ்வாறாயின் எவரும் எதனையும் அறிய இயலாது, எல்லாம் அவரவர் கருத்தே என்று முடித்துவிடலாமா? அது தவறான முடிபு. தமிழ் மெய்யியல் நூல்கள் அளவை பற்றி விரிவாக ஆராய்ந்தமை அறிவை மறுப்பதற்காக அன்று. அறிவின் எல்லையை அறிவதற்காகவே. மணிமேகலையில் அறவண அடிகள் ஏதுவும் எடுத்துக்காட்டும் எங்ஙனம் போலியாகின்றன என்று வகுத்துக் காட்டுவதும், சிவஞான சித்தியார் அளவையோடு தொடங்குவதும் அதுபற்றியே. அரொகொத் இரு பகுதிகளை உடையது என்று 2017 இற் கூறியவர்கள் பிழைபடவில்லை. நிழல் அதனைக் கூறப் போதுமானது. அவ்விரு பகுதிகளும் பந்துகள் என்று கொண்டதற்கோ, எதிரில் வந்த படங்கள் போதுமானவையல்ல. நிழலுக்குத் தடிப்பு இல்லை. ஒரு திசைப் படத்திற்கும் தடிப்பு இல்லை. ஆகவே பகுதியறிவும் அறிவே. அது எந்தப் பகுதிக்குப் பொறுப்பேற்க வல்லது என்பதை வரையறுக்காது முழுமைக்கும் நீட்டுவதே குற்றம். காணாமை குற்றமன்று, காணாததைக் கண்டதாக நிரப்புவதே குற்றம்.

அரொகொத் பந்தன்று, அப்பம் என்றறியப்பட்டபோது எவரும் துன்பமடையவில்லை. மனிதரைப் பற்றிய தீர்ப்புகள் அத்தகையன அல்ல. கண்டிச் சீமைக்கு மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து வந்து, கோப்பித் தோட்டங்களிலும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்த தென்னிந்தியத் தமிழரின் வரலாறு இதற்குச் சான்று. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட காலம் முதலாக மலைச்சரிவின் பசுமையைக் கண்டோர் பலர். அச்சரிவின் மறுபுறத்து லயங்களைக் கண்டோர் சிலர். 1948 இன் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை அவர்கள் வந்த வழியை வைத்தே நோக்கியது. அவர்கள் வாழ்ந்த தலைமுறைகளை நோக்கவில்லை. பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 இன் ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவிடம் ஒப்படைக்கத் தீர்மானித்தது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003 இலேயே வந்தது. தீர்ப்புத் திருந்துவதற்கு 55 ஆண்டுகள் சென்றன. இதற்கிடையிற் கப்பலேறிப் போனவர்களுக்குத் திருத்தத்தாற் பயன் யாது?

சட்டம் மெல்லச் செய்ததைக் கும்பல் விரைந்து செய்யும். விரல்முட்டி மலையின் அடிவாரத்திலேயே அதற்கும் சான்று உண்டு. 2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் லொறிச் சாரதி ஒருவரைச் சிலர் தாக்கினர். அவர் பின்னர் உயிரிழந்தார். அது கொடிய குற்றம் என்பதில் ஐயமில்லை. குற்றம் புரிந்தோர் ஒரு சிலர். அவர்கள் முஸ்லிம்கள் என்ற ஒரு செய்தி மாத்திரம் முழுச் சமூகத்தைப் பற்றிய தீர்ப்பாக மாற்றப்பட்டது. மார்ச் மாதத் தொடக்கத்தில் திகன முதலிய இடங்களில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எரியூட்டப்பட்ட வீடொன்றில் இளைஞர் ஒருவர் இறந்தார். மார்ச் 6 இல் நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. ஓர் ஒளிப்புள்ளியைக் கண்டு ஓர் உலகத்தின் வடிவத்தைத் துணிவதற்கு வானியலாளர் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கின்றனர். ஒரு செயலைக் கண்டு ஒரு சமூகத்தின் வடிவத்தைத் துணிவதற்குக் கும்பலுக்குச் சில நாள்கள் போதுமாயிருந்தன.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். வானியலாளருக்கு அவகாசம் உண்டு. நீதிபதிக்கும் வைத்தியருக்கும் அஃது இல்லை. முழுமையை அறியும்வரை காத்திருந்தால் நோயாளி இறந்துபோவான், குற்றவாளி தப்பிப்போவான். இம்மறுப்பு வலிமையானதே. செயலை ஒத்திவைப்பதும் ஒரு செயலாகும். பல வேளைகளில் மௌனமும் கொடியவர்க்குத் துணையாகும். ஆயினும் செயலும் தீர்ப்பும் ஒன்றல்ல. பகுதியறிவோடு செயலாற்ற வேண்டியிருப்பவர், அச்செயலைத் தாம் அறிந்த பகுதியின் அளவுக்குள் நிறுத்தலாம். பின்னர்த் திருத்தத்தக்கதாக அதனை அமைக்கலாம். தாக்கியவரைக் கைதுசெய்வதற்குக் கண்ட சான்று போதும். அயல்வீட்டைக் கொளுத்துவதற்கு எச்சான்றும் போதாது. மீட்க முடியாத செயல் எதுவோ, அதற்கு மிகுந்த சான்று வேண்டும் என்பது நீதியின் பழைய நெறி. சான்று குறையுந்தோறும் தண்டனை கூடுவதே கும்பலின் நெறி.

எனவே ஒரு பக்கம் கண்டவருக்குக் கடமைகள் மூன்று உள எனலாம். தாம் எங்கே நின்று கண்டனர் என்பதைக் கூறுதல் முதலாவது; அளவீட்டோடு நேரத்தையும் இடத்தையும் குறிக்காத வானியலாளரின் பதிவுக்கு மதிப்பில்லை. மாற்றம் தோன்றாமையை மாற்றம் இல்லாமையாகக் கொள்ளாதிருத்தல் இரண்டாவது. ஒரு மக்களின் குறை காதில் விழவில்லை என்பதால் அவர்களுக்குக் குறையில்லை என்று ஆகிவிடாது, கேட்பவர் அச்சின் நேரே நிற்பவராயிருக்கலாம். மூன்றாவது கடமையே மிகக் கடினமானது: மற்றப் பக்கத்தில் நிற்பவரின் சான்றுக்கு இடமளித்தல். அவர் வேற்று மொழியினராயினும், வேற்று மதத்தினராயினும், அவர் அளந்த கோடு இல்லாது உருவம் முற்றுப்பெறாது. பல மொழியினரும் பல மதத்தினரும் ஒரே மண்டபத்திற் பயிலும் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு இதைவிடப் பெரிய பணி இருக்க இயலாது.

ஆர்ஜன்ரீனாவில் அந்த இரவில் நிகழ்ந்த ஒன்றை இறுதியாகக் குறிப்பிடல் பொருத்தமானது. தொலைகாட்டிகளுக்கு இடையூறு நேராதிருக்கும் பொருட்டு, அவ்வூர் மக்கள் வீதி விளக்குகளை அணைத்தனர். பெருந்தெருவொன்றிற் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பலத்த காற்றைத் தடுக்கப் பெரிய லொறிகள் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. அவர்களுட் பெரும்பாலோர் அரொகொத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர் அல்லர். பிறர் ஒரு மங்கிய ஒளியைக் காண்பதற்காகத் தம் விளக்கைச் சற்று நேரம் தணித்தனர், அவ்வளவே. அந்த இரவில் 24 தொலைகாட்டிகளுள் 19 நிழலைக் காணவில்லை. ஆனால் அவையும் வீணாகவில்லை. நிழல் எங்கே விழவில்லை என்பதையும் எவரேனும் நின்று கூற வேண்டியிருந்தது. அதனாலேதான் ஐவர் கண்டது உருவமாயிற்று.